ஆறாவது வரிசையில் நின்றவன்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் தலைவலியை இதில் சேர்க்கவில்லை, அதற்குக் காரணம் நீ. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறாள் அவள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளியல். நீ என்ன மனுஷனா, கெண்டை மீனா? வேறு வழியில்லாமல் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை என் அரங்கத்தின் திறப்பு விழா. இத்தனை வருடமாக அடுத்தவர் கட்டடங்களுக்கு மாடிப்படியும் கழிப்பறையும் வரைந்து கொடுத்தவளை நம்பி, முதன்முதலாக முழுசாகக் கொடுத்த வேலை. வாசலில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் அது அங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். அரங்கக் குழுவின் தலைவர் பேச எழுந்தார். "சபையோர்களே" என்றார். ஆறாவது வரிசையில் இருந்த குழுச் செயலாளர் சட்டென்று பின்னால் திரும்பினார். தலைவர் "சிறப்பான" என்றார், "மகிழ்ச்சி" என்றார். ஒவ்வொரு தடவையும் இவர் திரும்புகிறார், முறைக்கிறார். கடைசியில் எழுந்து நின்று, பின்னால் இருந்தவரைப் பார்த்து, "எதுக்கு சார் உஸ்ஸு உஸ்ஸுன்னு என் காதுல ஊதுறீங்க? நான் என்ன கோழியா, விரட்டுறதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பின்வரிசைக்காரர் யார் தெரியுமா? அரங்கத்து நாற்காலிகள் அத்தனையும் நன்கொடையாக வாங்கிக் கொடுத்தவர். மனுஷன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாவம், அவர் வாயையே திறக்கவில்லை. ஊதியது என் சுவர். மேடைக்கு எதிரே வில் மாதிரி வளைத்துக் கட்டியிருக்கிறோமே, அந்தப் பின்சுவர். மேடையில் பிறக்கும் கூர்மையான சத்தமெல்லாம் அதில் பட்டுத் திரும்பி, ஆறாவது வரிசையில் ஒன்றாக வந்து விழுகிறது.

இப்படி ஆகுமா என்று கேட்கத்தானே உன்னை நவம்பரில் வரவழைத்தேன்? உயர் அதிர்வெண் அலைகள்தான் உன் படிப்பு, உன் பிழைப்பு எல்லாமே. கணக்குப் போட்டாய். மேஸ்திரி மேடையில் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். ஆறாவது வரிசை வரவேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோட்டின் மேல் நீ நின்றாய். "ஒண்ணுமில்லக்கா, சுத்தமா இருக்கு" என்றாய். சுவருக்குச் சத்தத்தை உறிஞ்சும் மெத்தைப் பலகை தேவையில்லை என்று எழுதியும் கொடுத்தாய். நான் வரைபடத்திலிருந்து மெத்தையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி குழு கூடுகிறது. சுவரை இடித்துவிட்டு மிச்ச வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு. அதற்குள் எங்கே தப்பு நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

கோபத்துடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இரண்டு பேரும் நலம். அத்தானுக்கு வணக்கம், மருமகளுக்கு முத்தம். பதில் தாமதமானதற்குப் பரீட்சைத் தாள்கள் காரணம்.

நீ பதறுகிற அளவுக்கு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். முதலில் விஷயத்தைப் புரிந்துகொள். சத்தம் ஒரு அலை. ஆனால் அதிர்வெண் ஏற ஏற அது தன் அலைக்குணத்தை மறந்துவிட்டு வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் ஓட ஆரம்பிக்கும். அதனால் எங்களுக்கு வேலை சுலபம். அலைச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டாமல் கதிர்களை வரைந்தே காலத்தை ஓட்டலாம். டம்ளர் பாலை விளக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறாயே, பாலின் மேல் வளைவாக ஒரு பளீர்க் கோடு விழுமே? டம்ளரின் வளைந்த சுவர் கதிர்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து நெருக்குகிறது. உன் சுவரும் ஒரு டம்ளர்தான்.

அந்த நெரிசலில்தான் கதிர்க் கணக்கு படுத்துவிடும். சத்தம் எவ்வளவு என்று கேட்டால் முடிவிலி என்று சொல்லும். முடிவில்லாத சத்தம் உலகத்தில் எங்கே இருக்கிறது? அதனால் அந்த இடத்துக்கு மட்டும் வேறொரு கணக்கு போட்டு ஒட்டுப்போட வேண்டும். நான் வருடக்கணக்காகச் செய்துவருவது அந்த ஒட்டு வேலைதான். ஒட்டுப் போட்டாலும் சில நேரம் பதில் மிகையாக வரும். நேரில் கேட்டதில் மிகை என்று தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கும்.

போனைப் பற்றிக் கேட்டாய். இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா? தவிர இப்போது யார்தான் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? மாணவர்கள் பாதி வார்த்தையைத் தாடைக்குள்ளேயே மென்று விழுங்குகிறார்கள். இவளும் சமையலறையிலிருந்து முணுமுணுக்கிறாள், பிறகு நான் பதில் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருகிறாள். வாசல் அழைப்பு மணியை எலக்ட்ரீஷியன் மாற்றிவிட்டுப் போனான், அது அடிக்கிறதா இல்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு வேலை உருப்படியாக நடப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மருமகள் முத்தத்தை வாங்கிக்கொண்டாள். நான் பால் டம்ளரைப் பற்றிப் பாடம் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியையும் விட்டுவைக்கவில்லை. மின்சாரத்தையே நிறுத்திவிட்டு, அதே மேஸ்திரியை, அதே கட்டைகளோடு மேடையில் ஏற்றினேன். இந்த முறை ஆறாவது வரிசையில் நான் உட்கார்ந்தேன். தட்டினார். முதலில் மேடையிலிருந்து ஒரு தட்டு. ஒரு இமைப்பொழுது கழித்துப் பின்னாலிருந்து இன்னொன்று, பிடரியில் குண்டூசி வைத்துக் குத்தின மாதிரி. நான் துள்ளிவிட்டேன். மேஸ்திரியையும் உட்காரவைத்து நான் தட்டினேன். அவரும் துள்ளினார். பெயிண்டர் துள்ளினார். கூட்டிப் பெருக்க வந்த அம்மாவும் துள்ளி, "என்னம்மா, பின்னாடி யாரு?" என்று கேட்டார்கள். நாலாவது வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. எட்டாவதிலும் ஒன்றுமில்லை.

நவம்பரில் நீ போட்ட கணக்குத் தாளை வெளியே எடுத்தேன். வரிசை வரிசையாகச் சத்தம் எவ்வளவு என்று வரைந்திருக்கிறாய். ஆறாவது வரிசைக்கு நேராகக் கோபுரம் மாதிரி ஒரு கோடு ஏறி இறங்குகிறது. அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் "மிகை" என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரியாகத்தானே வந்திருக்கிறது? கையில் இருந்த சரியான பதிலை ஏன் அடித்தாய்? இதுதான் கேள்வி. இதற்கு மட்டும் பதில் எழுது.

மெத்தையை எடுத்தது ஏன் என்று குழு என்னைத்தான் கேட்கும். அன்றைக்கு நான் என்ன சொல்வது?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். நீ கேட்டதை யோசித்தேன். நவம்பரில் சுவரின் பூச்சு ஈரமாக இருந்திருக்கும். ஈரப் பூச்சு கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும். இப்போது காய்ந்துவிட்டது, அதனால் திருப்பி அனுப்புகிறது. இப்படி எடுத்துச் சொன்னால் குழு புரிந்துகொள்ளும். கணக்கை மறுபடி போட்டு நாலு பக்கம் இணைத்திருக்கிறேன்.

நேரில் வா என்று இன்னும் நீ கேட்கவில்லை. கேட்டால் வர முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தேர்வுக் காலம்.

இங்கே வீட்டில் பெரிய ரகளை. நான் வெந்நீர் வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கொதித்தால் விசிலடிக்கும் பாத்திரம் அது. தண்ணீர் வற்றி, அடி கருகி, புகை வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரன் ஓட்டை விசிலைத் தலையில் கட்டிவிட்டான். இவள் அதை ஒத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பேசியிருந்தாலும் முணுமுணுப்புதான்.

மருமகளின் பரீட்சை எப்போது?

தம்பி


ஏப்ரல் 9

டேய் சுண்டெலி,

சின்ன வயதில் நீ கீச்சென்று அழுவாய் என்று வைத்த பெயர். மீசை நரைத்தவனை இப்படிக் கூப்பிட வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் அடக்கிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

ஈரப் பூச்சாம். உன் கடிதத்தை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, அந்தச் சுவத்துல ஏது பூச்சு? பலகைதானே அடிச்சிருக்கோம்?" என்றார். செங்கல்லுக்கு முன்னால் இடைவெளி விட்டு மெல்லிய மரப்பலகை அடித்திருக்கிறோம். தடித்த சத்தமெல்லாம் பலகையோடு அதிர்ந்து அடங்கிவிடும் என்று நீ சொல்லிக் கொடுத்து நான் செய்தது. நீயே சொன்ன சுவர் எதில் கட்டியது என்பது உனக்கு மறந்துபோய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். சோறாவது கொஞ்சம் அதிகமாகப் போட்டிருக்கலாம்.

உன் நாலு பக்கத்தைப் படித்தேன். அதிலும் கோபுரம் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதைப் பற்றி நாலு பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

உன் அத்தான் சொல்கிறார், நீ எழுதிக் கொடுத்த தாளைக் குழுவிடம் கொடுத்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று. கொடுத்தால் என் பெயர் தப்பும், உன் பெயர் நாறும். அலைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவனுக்கு ஒரு அறையின் எதிரொலி தெரியவில்லையா என்று ஊர் சிரிக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபதாம் தேதிக்குள் எழுது. நாலு பக்கம் வேண்டாம், நாலு வரி போதும். ஏன் அடித்தாய்?

அக்கா


ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. பதில் வரவில்லை. தினமும் தபால்காரரை வாசலில் நின்று வழிமறித்ததில் அவர் இப்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறார்.

கூட்டம் முடிந்துவிட்டது. நீண்ட மேஜை, ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நான். மெத்தையை எடுக்கச் சொன்னது யார் என்று செயலாளர் கேட்டார். உன் தாள் என் பைக்குள் இருந்தது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டே, முடிவு என்னுடையது என்று சொன்னேன். மே கடைசி வரை அவகாசம். அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் சுவரை இடிப்பார்கள், வாசல் கல்லையும் மாற்றுவார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்மேல் இருந்த கோபத்தில் அழுதேன் என்று வைத்துக்கொள்.

நேற்று உனக்குப் போன் போட்டேன். அதிசயமாக நீயே எடுத்தாய். "தம்பி, நான்தான்" என்றேன். "ஹலோ, யாரு? லைன் சரியில்ல, ஒண்ணும் புரியல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் சுவர்க் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. உன் வீட்டுக்காரி உள்ளேயிருந்து "அக்காவா?" என்று கேட்டதும் கேட்டது. உள்ளே நின்றவள் பேசியது இங்கே எனக்குக் கேட்கிறது. நான் பேசியது உன் காதில் விழவில்லை.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நவம்பரில் நீ எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் கைக்கடிகாரம் பீப் பீப் என்று கத்தியது. உன் கையில்தான் கட்டியிருந்தது. நீ பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். என் மகள்தான் எட்டி அமர்த்தினாள். "மாமா கணக்குல இருக்காரு" என்று எல்லோரும் சிரித்தோம். நீ மெல்லிய குரலில் பேசும் மாணவர்களைத் திட்டுகிறாய், எலக்ட்ரீஷியனைத் திட்டுகிறாய், விசில் விற்ற கடைக்காரனைத் திட்டுகிறாய். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

ஆறாவது வரிசையில் இருந்த எல்லோரும் துள்ளினார்கள். நீ ஒருத்தன்தான் அசையாமல் நின்றாய். உனக்குக் கேட்கவில்லை, அப்படித்தானே?

அக்கா


மே 6

அக்கா,

ஆமாம். கேட்கவில்லை. போதுமா?

இந்த ஒரு வரியை எழுத இரண்டு வாரம் எடுத்திருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்ததில் இவள், "பேசாம ஒண்ணை அனுப்பித் தொலைங்க" என்று என் காதருகே வந்து கத்தினாள். அதனால் தெளிவாகக் கேட்டது.

நவம்பரில் எனக்கே தெரியாது, அதை நீ நம்ப வேண்டும். ஊரே முணுமுணுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரியில் ஒரு மாணவி துறைத்தலைவரிடம் போய், நான் கேள்விக்கெல்லாம் வேறு ஏதோ பதில் சொல்கிறேன் என்று புகார் கொடுத்தாள். அவள்மேல் எரிச்சலோடுதான் காது மருத்துவரிடம் போனேன். அவர் வரைந்து காட்டிய கோடு தடித்த சத்தங்களுக்கு ஒழுங்காக ஓடி, கூர்மையான சத்தங்கள் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி விழுகிறது. தடித்தது கேட்கும், கூர்மையானது கேட்காது. தடித்ததை உன் பலகை விழுங்கிவிட்டது. மிச்சம் திரும்பி வந்தது எனக்கு இல்லாத சத்தம்.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அதை எழுத வரவில்லை, எலக்ட்ரீஷியனையும் கடைக்காரனையும் திட்டித்தான் எழுத வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அதற்காக உன்னைத் தனியாக அந்த மேஜைக்கு முன்னால் நிற்கவிட்டேன். நீ என் தாளைக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

எனக்கே என்மேல் தாங்க முடியாத எரிச்சல் எது தெரியுமா? உயர் அதிர்வெண்ணில் அலை என்ன செய்யும் என்பதைக் காதால் தெரிந்துகொள்ள முடியாது என்றுதானே கணக்கைக் கண்டுபிடித்தார்கள்? கணக்கு கோபுரத்தைக் காட்டியது. காது ஒன்றுமில்லை என்றது. நான் கணக்கை அடித்தேன். முதல் வருட மாணவன் செய்தால் தாளைத் தூக்கி எறிந்திருப்பேன்.

சரி, புலம்பல் போதும். சுவரை இடிக்க வேண்டாம். தொல்லை கொடுப்பது கூர்மையான சத்தம் மட்டும்தான், அதன் அலை ஒரு சுண்டுவிரல் நீளம்தான். சுவர் மேல் அதே அளவுக்கு மேடும் பள்ளமுமாக மரக்கட்டைகளை அடித்தால் போதும். கதிர்கள் ஒன்றுக்கொன்று ஜோடி சேராமல் நாலா பக்கமும் சிதறிவிடும். கட்டைகள் ஒரே ஒழுங்கில் இருக்கக்கூடாது, ஒழுங்காக இருந்தால் வேறு எங்காவது போய்ச் சேரும். எந்தக் கட்டை எவ்வளவு உயரம் என்று வரைந்து இணைத்திருக்கிறேன். இந்த முறை என் காதை நம்பி எதுவும் செய்யவில்லை. நீயும் நம்பாதே. கட்டையை வைத்துவிட்டு நீ உட்கார்ந்து கேள்.

அத்தானிடம் சொல்லிவிடு. மருமகளிடம் நானே சொல்கிறேன்.

தம்பி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று இந்தத் தடவை மனதாரக் கேட்கிறேன்.

உன்னை என்ன செய்தால் தகும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. காது போனதற்குக் கோபமில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் ஆளுக்கு ஒன்று போகிறது, எனக்கு முட்டி போய்விட்டது. அதை அக்காவிடம் சொல்லக்கூடாதா? நான் என்ன உன் துறைத்தலைவரா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் திட்டினேன். பிறகு, அந்தச் சாக்பீஸ் கோட்டின் மேல் நீ நல்ல பிள்ளையாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாயே, அது ஞாபகம் வந்தது. அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. என்னிடம் சொல்லாமல் குழுவுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாய். செயலாளர் கூட்டத்தில் எழுந்து சத்தமாகப் படித்தார். "மெத்தைப் பலகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்பது அன்று எனக்குத் தெரியாது. என் அக்கா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்." இதைப் படித்து முடித்ததும் கடிதத்தை மடித்துத் தலைவர் பக்கம் தள்ளினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர்தான் கடைசியில், "கட்டையை வச்சுத்தான் பாக்கலாமே" என்றார். தச்சர் உன் படத்தைப் பார்த்துக் கட்டைகளைத் தனிப் பலகைகளில் அடித்து, சுவரோடு சாய்த்து நிறுத்தினார். தலைவர் மேடையேறி விழாவில் பேசிய அதே பேச்சைப் பேசினார். செயலாளர் ஆறாவது வரிசையில், அதே நாற்காலியில். பலகை நின்றால் சத்தமில்லை. எடுத்தால் உஸ். வைத்தால் இல்லை. எடுத்தால் உஸ். நம்பாமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார், தச்சருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியில் செயலாளர் மெதுவாக எழுந்து, "அப்ப அன்னிக்கு அவரு ஊதவே இல்லையா?" என்று கேட்டார். மறுநாள் பழக்கூடையோடு நன்கொடைக்காரர் வீட்டு வாசலில் அவர் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சுவர் நிற்கிறது. வாசலில் கல்லும் நிற்கிறது.

இப்போது என் உத்தரவு. மருத்துவர் காதுக் கருவி எழுதிக் கொடுத்து, நீ மாதக்கணக்காக வாங்காமல் இழுத்தடிக்கிறாயாம், உன் வீட்டுக்காரி எனக்குத் தனியாகச் சொல்லிவிட்டாள். வாங்கு. மாட்டிக்கொண்டு ஜூன் முதல் சனிக்கிழமை இங்கே வா. தச்சர் கட்டைகளோடு தயாராக இருக்கிறார், நான்தான் சுவரில் அடிக்க விடவில்லை. குழுவுக்கு ஏதோ சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அடித்துவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும், பிறகு நீ எந்த ஜென்மத்திலும் கேட்க முடியாது. நீ ஒருமுறை கேட்ட பிறகுதான் முதல் ஆணி.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இவளும் சுகம். நான் சுகமா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த உலகம் இவ்வளவு சத்தம் போடும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. செய்தித்தாளைத் திருப்பினால் காடு தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன். என் செருப்பு கீச்சிடுகிறது. இவள் முணுமுணுக்கவில்லை, நன்றாகத் தெளிவாகத்தான் பேசுகிறாள், அதுவும் நிறையப் பேசுகிறாள். என் கைக்கடிகாரம் மணிக்கொரு தரம் கத்துகிறது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். வருடக்கணக்காக அது வகுப்பு நடுவில் கத்தியிருக்கிறது, ஒரு மாணவன்கூட வாய் திறக்கவில்லை. துறைத்தலைவரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வகுப்பைப் பிடுங்கவில்லை. கை தூக்கிவிட்டுப் பேசச் சொன்னால் போதும் என்றார். இதற்காகவா அத்தனை பயந்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தை அங்கே நேரில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை ஆறாவது வரிசையில் என்னை உட்காரவைத்துவிட்டு நீ மேடை ஏறினாய். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். கட்டையைத்தான் தட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "டேய் சுண்டெலி" என்று கத்தினாய்.

முதலில் முன்னாலிருந்து உன் குரல் வந்தது. அடுத்து, பிடரிக்குப் பின்னால் இன்னொரு குரல். மெல்லியதாய், கூர்மையாய், உன் குரலின் விளிம்பை மட்டும் சீவி எடுத்த மாதிரி. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று இந்த உலகத்தில் கணக்குப் போட்டுக் காட்டக்கூடியவன் நான், இருந்தும் திரும்பினேன். அந்தக் கோபுரத்தை எத்தனையோ தடவை தாளில் வரைந்திருக்கிறேன். அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

திரும்பியவன் ஏன் வெகுநேரம் முன்னால் பார்க்கவில்லை என்று நீ கேட்டாய். சுவரைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அழுதுகொண்டிருந்தேன், அக்கா. ஒரு அக்காவைச் சமாளிப்பதே பெரும்பாடு, அன்றைக்கு இரண்டு அக்கா கூப்பிட்டார்கள்.

தச்சர் ஆணி அடிக்க ஆரம்பித்ததும் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சத்தத்தைத் தாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கட்டைகள் முழுவதும் அடித்தாயிற்றா, செயலாளர் இன்னும் திரும்பிப் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தபாலில் எழுதாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போன் செய்கிறேன். அந்த நேரம் பார்த்து நீ குளிக்கப் போய்விடாதே.

உன் தம்பி,
சுண்டெலி